கொன்ட்ரோலர் நின்றால் என்ன ஆகும்? எஸ்டிஎன் கேள்வி பதில்

எஸ்டிஎன் என்பது சுவிட்சுகள் எடுக்கும் முடிவுகளைக் கொன்ட்ரோலர் என்ற ஒரு மென்பொருளிடம் கொடுத்து வலையமைப்பை நடத்தும் முறை. அதைப் பற்றி எதையும் கேளுங்கள் என்று வாய் விட்டது என் பிழைதான். தெரிந்ததற்கு மட்டும் பதில்.

அறிவியல்நகர் மாணவர்: அண்ணை, இறுதியாண்டு புரொஜெக்டுக்கு எந்தத் திறந்த மூலக் கொன்ட்ரோலர் நல்லது?

பைதன் தெரிந்தால் ரியூ, தம்பி. ஜப்பானின் என்டிடி செய்தது. அதோடு வரும் சுவிட்ச் உதாரணக் கோப்பு ஒன்றை வாசித்தாலே, பாக்கெட் (தரவுத் துண்டு) சுவிட்சிலிருந்து மேலே கொன்ட்ரோலருக்கு வந்து, எங்கே அனுப்புவது என்ற விதியாகக் கீழே இறங்குவது விளங்கிவிடும். ஆனால் பராமரிப்பு நின்ற மாதிரித்தான், புதிய பைதனில் அதற்குத் தேவையான ஈவென்ட்லெட் நூலகம் பிழை காட்டி விழும், பைதன் 3.9, ஈவென்ட்லெட் 0.30.2 என்று வைத்தால் ஓடும். வேறு கொன்ட்ரோலர் என்றால், ஓப்பன்டேலைட் 2013 இல் லினக்ஸ் பவுண்டேஷனில் தொடங்கியது, ஓனோஸ் 2014 டிசெம்பரில் வெளியே வந்தது. இரண்டும் ஜாவா. பழைய லப்டொப்பில் ஏற்றினால் விசிறிச் சத்தம்தான் மிஞ்சும். எதை எடுத்தாலும் சுவிட்சின் பெயில் மோடை, அதாவது கொன்ட்ரோலர் நின்றால் சுவிட்ச் என்ன செய்யும் என்ற அமைப்பை, முதலில் பாருங்கள்.

பரந்தன்: ஓனோஸ் ஓடுகிறது, மினிநெட்டில் (கணினிக்குள் ஓடும் மாதிரி வலையமைப்பில்) பிங் போகவில்லை.

ஓப்பன்ஃப்ளோ (சுவிட்சோடு பேச), ரியாக்டிவ் ஃபோர்வர்டிங் (பாக்கெட்டை அனுப்ப) இரண்டு ஆப்பையும் நீங்கள்தான் இயக்க வேண்டும், தானாக ஓடாது. வந்த கையோடு இருக்கும் கடவுச்சொல்லையும் மாற்றுங்கள்.

வவுனியா, ஆசிரியை: பிள்ளைகளுக்குக் கொன்ட்ரோலரை எப்படிச் சொல்லிக்கொடுப்பது?

குளத்தைக் காட்டுங்கள் அக்கா. வயலுக்குத் தண்ணீர் பங்கிடும் வட்டவிதானை தண்ணீர் சுமப்பதில்லை. எந்த வாய்க்காலுக்கு எப்போது என்று முடிவு அவருடையது, துருசும் (மதகும்) வாய்க்காலும் அதன்படி தண்ணீரைக் கொண்டுபோகும். அவர் கொன்ட்ரோலர், வாய்க்கால் சுவிட்ச், சொல்லிவிடும் மொழி ஓப்பன்ஃப்ளோ.

புதுக்குடியிருப்பு: அப்ப விதானைக்குக் காய்ச்சல் வந்தால் வயல் காய வேண்டியதுதானா? மூளையை ஒரே இடத்தில் வைக்கிறது விசர் வேலை.

இதைத்தான் எதிர்பார்த்தேன் அண்ணை. நேற்றிரவு மினிநெட்டில் மூன்று ஹோஸ்ட் (மாதிரிக் கணினி) வைத்து, முதலாவதிலிருந்து இரண்டாவதுக்குப் பிங் விட்டு, அது ஓடிக்கொண்டிருக்கும்போதே ரியூவை நிறுத்தினேன். பிங் நிற்கவேயில்லை. அந்த உதாரணக் கோப்பு போடும் விதிக்குக் காலாவதி கிடையாது, அது சுவிட்சிலேயே கிடக்கும். மூன்றாவது ஹோஸ்டுக்கு மட்டும் ஒன்றும் போகவில்லை, அதற்கு விதி எழுத ஆளில்லை. மினிநெட் பெயில் மோடை செக்கியூர் (இருக்கும் விதியோடு மட்டும் ஓடு) என்று வைப்பதால் இப்படி. ஸ்டாண்ட்அலோன் என்றால், மினிநெட்டில் ஓடும் மென்பொருள் சுவிட்சான ஓப்பன் விசுவிட்ச் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுச் சாதாரண சுவிட்சாக மாறிவிடும். அது நல்லது மாதிரித்தான் தெரியும், ஆனால் நீங்கள் போட்ட தடைகளும் சேர்ந்து போகலாம். இது தெரியாமல் ஓரிடத்தில் பூட்டிவிட்டு, கரண்ட் போன மத்தியானம் நான் வாங்கிய ஏச்சு எனக்குத்தான் தெரியும்.

மாங்குளம்: இரண்டு கொன்ட்ரோலர் வைத்தால் பிரச்சினை முடிந்ததே?

இல்லை. ஓனோஸ், ஓப்பன்டேலைட் கிளஸ்டரில் (பல கொன்ட்ரோலர் சேர்ந்த கூட்டத்தில்) பெரும்பான்மை வேண்டும். இரண்டில் ஒன்று விழுந்தால் மிஞ்சுவது பாதி, பாதி பெரும்பான்மை ஆகாது. மூன்று வையுங்கள், மூன்றையும் ஒரே யூபிஎஸ்ஸில் மாட்டாதீர்கள்.

புதுக்குடியிருப்பு, திரும்பவும்: மூன்று விதானைக்குச் சம்பளம் யார் கொடுக்கிறது? பேசாமல் பழைய சுவிட்சே போதும்.

பத்துக் கொம்பியூட்டர் அலுவலகம் என்றால் நீங்கள் சொல்வது சரி அண்ணை, நானும் போடமாட்டேன். இருபது முப்பது சுவிட்சில் ஒவ்வொன்றாக ஏறி விலான் (வலையமைப்புப் பிரிவு) மாற்றிப் பார்த்தவன் இப்படிக் கேட்கமாட்டான். இடையில் வேண்டுமென்றால் ஃபோசெட் என்ற கொன்ட்ரோலரைப் பாருங்கள். நியூசிலாந்தில் தொடங்கியது, யாம்ல் என்ற எளிய எழுத்துக் கோப்பு ஒன்றில் எல்லாம் எழுதலாம்.

ஒட்டுசுட்டான்: எஸ்டிஎன் போட்டால் வீட்டு வைஃபை வேகமாகுமா?

ஆகாது.

முறிகண்டி: மினிநெட் சுவிட்ச் கொன்ட்ரோலரோடு சேரவே மாட்டேன் என்கிறது.

போர்ட் 6633 பழையது, 6653 கொடுத்துப் பாருங்கள்.

நெடுங்கேணி: ஓனோஸ் ஓடுது, பிங் போகுதில்லை அண்ணை.

பரந்தனுக்குச் சொன்னதை வாசியுங்கள். இன்றைக்கு இது நாலாவது.