ஒரு காலத்துப் பாட்டு அடுத்த காலத்தில் ஏன் வேறு விதமாக ஒலிக்கிறது?

இசைப் பாணி என்பது ஒரு காலத்தில் பலரும் விரும்பிப் பாடுகிற, கேட்கிற முறை. குரல், தாளம், கருவிகள், பாட்டின் நீளம் எல்லாம் அதில் அடக்கம். அது மாற ரசனை மட்டும் காரணமல்ல. பாட்டு நம் காதுக்கு வந்துசேரும் வழி மாறுவதையே நான் பெரிய காரணமாகக் கருதுகிறேன்.

தமிழ் நாடக மேடையையே எடுத்துக்கொள்ளுங்கள். ஒலிபெருக்கி இல்லாத நாளில் எஸ்.ஜி. கிட்டப்பா கடைசி வரிசைக்கும் எட்டும்படி உச்ச ஸ்தாயியில் பாடினார். அந்தக் கம்பீரம் கலையழகு மட்டுமல்ல, தேவையும்கூட. பிறகு இசைத்தட்டு வந்தது. ஒரு பக்கத்தில் ஏறக்குறைய மூன்று நிமிடமே அடங்கும் என்பதால் பாட்டு சுருங்கியது. மைக்கும் பின்னணிப் பாடலும் நிலைபெற்றதும் ஏ.எம். ராஜா, பி.பி. ஸ்ரீனிவாஸ் போன்றோரின் மென்குரல்கள் மக்களைக் கவர்ந்தன. வயல்வெளியின் மறுமுனையில் நிற்பவரை அழைக்கும் குரலிலா பக்கத்தில் இருப்பவரிடம் பேசுவோம்?

புதிய பாணி வந்தால் பழையது அழிந்துவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். அது சரியல்ல: மென்குரல்கள் கோலோச்சிய 1965இல்கூட, 'திருவிளையாடல்' படத்தில் கே.பி. சுந்தராம்பாள் அதே நாடக மேடைக் கம்பீரத்தோடு பாடினார்.