அந்தக் காலப் பேய்கள் அவ்வளவு அடக்கமா?

கேள்வி: 1960, 70-களில் வந்த ஆங்கிலத் திகில் படங்களுக்கு நான் அடிமை. ‘சைக்கோ’, ‘தி ஹான்டிங்’, ‘தி எக்ஸார்சிஸ்ட்’, டி.வி.யில் ‘ட்வைலைட் ஸோன்’... எத்தனை முறை பார்த்தாலும் அலுக்காது. அன்றைக்குக் காட்டாமலே பயமுறுத்தினார்கள். இன்றைக்கு ‘டமால்’ என்று சத்தம் போட்டுத் தூக்கிவாரிப்போட வைப்பதுதான் திகில் என்றாகிவிட்டது. என் அண்ணன் மகன் பழைய படங்களைப் பார்த்துச் சிரிக்கிறான். ரசனை செத்துவிட்டது என்று சொல்லலாம்தானே?

பதில்: சொல்லலாம். ஆனால் உங்கள் பட்டியலே உங்களுக்கு எதிராகச் சாட்சி சொல்லுமே!

‘எக்ஸார்சிஸ்ட்’ (1973) எதைக் காட்டாமல் விட்டது? சிறுமியின் தலை முழுசாக ஒரு சுற்று சுற்றுகிறது. பாதிரியாரின் மேல் பச்சையாக வாந்தி எடுக்கிறாள். கட்டில் துள்ளுகிறது. பேயோட்டும்போது ஆட்கள் விடும் மூச்சு புகையாகத் தெரிய வேண்டும் என்பதற்காகப் படுக்கையறை செட்டையே உறைய வைத்துப் படம்பிடித்தார் இயக்குநர் வில்லியம் ஃப்ரீட்கின். அருமையான படம்தான், மறுக்கவில்லை. ஆனால் அடக்கத்துக்கும் அதற்கும் காத தூரம்.

அப்புறம் அந்த ‘டமால்’. அதை இந்தத் தலைமுறை கண்டுபிடித்ததாக நினைக்கிறீர்கள். 1942-இல் வந்த ‘கேட் பீப்பிள்’ படத்தைப் பாருங்கள். இரவில் ஒரு பெண் தனியே நடந்து போகிறாள். பின்னால் இன்னொருத்தியின் குதிகால் செருப்புச் சத்தம். சட்டென்று அது நின்றுவிடுகிறது. இவள் நடையை விரைவாக்குகிறாள், திரும்பிப் பார்க்கிறாள், யாருமில்லை. எதுவோ பாயப்போகிறது என்று நாம் பல்லைக் கடித்துக்கொண்டிருக்கும் நேரத்தில், சிறுத்தை சீறுவது போன்ற ஓசையுடன் திரைக்குள் வந்து நிற்கிறது ஒரு பஸ்! வெறும் பஸ். இந்த உத்திக்குத் தயாரிப்பாளர் வால் லூட்டனின் பெயரால் ‘லூட்டன் பஸ்’ என்றே திரைத்துறையில் பெயர் நிலைத்துவிட்டது.

வில்லியம் காஸில் என்று ஒரு மகானுபாவர் இருந்தார். 1958-இல் தன் படத்தைப் பார்த்துப் பயத்தில் யாராவது செத்தால் ஆயிரம் டாலர் என்று ரசிகர்களுக்கு இன்ஷூரன்ஸ் போட்டு விளம்பரம் செய்தார். அடுத்த வருஷம் ‘தி டிங்லர்’ படத்துக்காகத் தியேட்டர் நாற்காலிகளுக்கு அடியில் மோட்டார் வைத்து, சரியான கட்டத்தில் அதிர விட்டார். இவரையும் உங்கள் பொற்காலத்தில் சேர்த்துக்கொள்வீர்களா? எனக்கு ஆட்சேபணையில்லை, ஆள் சுவாரசியமானவர். ஆனால் சூட்சுமம் என்று மட்டும் சொல்லாதீர்கள்.

காட்டாமல் விட்டதற்கும் பல இடங்களில் காரணம் கலை மட்டும் அல்ல. லூட்டனுக்கு ஸ்டூடியோ கொடுத்தது ஒரு படத்துக்கு ஒன்றரை லட்சம் டாலருக்குள்தான். தலைப்பை முதலில் கொடுத்துவிட்டுப் படத்தை எடுத்துவா என்றார்கள். அந்தப் பணத்தில் அரக்கனைக் கட்டி நிறுத்த முடியாது, நிழலைத்தான் காட்ட முடியும். ‘ஜாஸ்’ (1975) படத்தில் சுறா வெகுநேரம் கண்ணில் படாததற்கு முக்கிய காரணம், இயந்திரச் சுறா கடல் தண்ணீரில் இறங்கியதும் மக்கர் செய்ததுதான். ‘சைக்கோ’வை (1960) ஹிட்ச்காக் தன் டி.வி. தொடரின் குழுவை வைத்துக்கொண்டு, சுமார் எட்டு லட்சம் டாலரில் முடித்தார். குளியலறையில் ஓடும் ரத்தம் சாக்லேட் சிரப். கறுப்பு வெள்ளையில் யாருக்குத் தெரியப்போகிறது? கையில் இல்லாததை வைத்தே காரியம் சாதித்தார்கள் என்று பாராட்டுங்கள், நானும் கூடச் சேர்ந்து கைதட்டுகிறேன். கட்டுப்பாடோடு விரதம் இருந்ததாகச் சொன்னால் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

‘தி ஹான்டிங்’ (1963) விஷயத்தில் மட்டும் நீங்கள் சொல்வது முக்கால்வாசி சரி. ராபர்ட் வைஸ் அதில் ஒரு பேயைக்கூடக் கண்ணில் காட்டவில்லை. இருட்டில் படுத்திருக்கும் எலனோர், சுவருக்கு அப்பாலிருந்து வரும் முணுமுணுப்பைக் கேட்டுப் பயந்து, தோழி தியோவின் கையைப் பிடித்துக்கொள்கிறாள். கேமரா சுவரில் உள்ள பூவேலையையே பார்த்துக்கொண்டிருக்கிறது. பார்க்கப் பார்க்க அது ஒரு முகம் மாதிரி ஆகிறது. பிடி இறுகுகிறது, வலிக்கிறது. விளக்கு எரிந்ததும் பார்த்தால், தியோ அறையின் அந்தப் பக்கத்தில் இருக்கிறாள். அப்படியானால் இவ்வளவு நேரம் பிடித்திருந்தது யார் கை? இதற்கு இணையாக ஒரு காட்சி சொல்லுங்கள் என்று கேட்டால் எனக்கும் உடனே தோன்றவில்லை.

மீதிக் கால்வாசி? அதே படத்தில் கதவை இடிக்கும் அந்தச் சத்தத்தை மறந்துவிட்டீர்களே! வீடே அதிர்கிறது. இன்றைய எந்தப் படத்துக்கும் அது சளைத்ததல்ல. ஆக, உங்களுக்கு எரிச்சல் தருவது சத்தம் அல்ல. சத்தத்துக்கு முன்னால் நம்மைக் காக்க வைக்காத அவசரம். அந்த அவசரக்காரர்கள் அன்றும் இருந்தார்கள். அவர்கள் எடுத்த படங்களை யாரும் திரும்பப் பார்ப்பதில்லை, அதனால் உங்கள் கண்ணில் படுவதில்லை, அவ்வளவுதான்.

உங்கள் அண்ணன் மகன் எதைப் பார்த்துச் சிரித்தான் என்று நீங்கள் எழுதவில்லை. ‘ட்வைலைட் ஸோன்’ தொடரில், பறக்கும் விமானத்தின் இறக்கையில் குட்டிச்சாத்தான் உட்கார்ந்திருக்கும் அத்தியாயம் (1963) என்றால், சிரிக்கட்டும், பையன் மேல் தப்பில்லை. கம்பளி உடுப்பு மாட்டிய ஆள் என்பது அப்பட்டமாகத் தெரிகிறது. அதில் நிஜமான திகில் ஜன்னலுக்கு இந்தப் பக்கம்தான். ஏற்கெனவே மனநலச் சிகிச்சை எடுத்துத் திரும்பும் பயணி ஒருவன். கண்டதைச் சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள் என்று அவனுக்கே தெரியும். மற்றவர்களைக் கூப்பிட்டுக் காட்டும்போதெல்லாம் இறக்கை காலியாக இருக்கிறது. சிரித்து முடித்த பிறகு அந்த முகத்தைக் கவனிக்கச் சொல்லுங்கள்.

தொடர் முழுக்க முத்து என்றும் அடம்பிடிக்காதீர்கள். தொடரை உருவாக்கிய ராட் செர்லிங் பெரிய எழுத்தாளர், மொத்தம் 156 அத்தியாயங்களில் 92 அவர் எழுதியவை. ஆனால் 1963-இல் நான்காவது சீசனின் பதினெட்டு அத்தியாயங்களை மட்டும் தலா ஒரு மணி நேரமாக இழுத்தார்கள். அரை மணியில் கச்சிதமாக முடிய வேண்டிய கற்பனை பலவற்றில் பாதி வழியில் மூச்சு வாங்குகிறது. அவர்களே உணர்ந்து அடுத்த சீசனில் பழைய அளவுக்குத் திரும்பிவிட்டார்கள். மறுபடி பார்க்க உட்காரும்போது அந்தப் பதினெட்டில் பாதியைத் தாண்டிப் போனால் ஒன்றும் பாவமில்லை.