டொயோட்டா ஹைலக்ஸ் முன்பக்கம் உயர்த்த ஸ்பேசர் (ஸ்ட்ரட்டின் உச்சியில் வைக்கும் தகடு): கேள்வி பதில்

25 மி.மீ. ஸ்பேசர் போட்டால் வண்டி ஒரு அங்குலம்தானே ஏறும்?

இல்லை, ஏறக்குறைய இரண்டு அங்குலம். ஸ்ட்ரட்டின் (ஸ்பிரிங்கும் ஷாக்கும் சேர்ந்த தூண்) கீழ்முனை, சக்கரத்தைத் தாங்கும் கீழ்க் கையான லோயர் ஆர்மின் நடுவாக்கில் பூட்டியிருக்கிறது. அங்கே ஒரு பங்கு இறங்கினால் சக்கரம் இரண்டு பங்கு இறங்கும். ஒரு அங்குலம் போதுமென்றால் 12 மி.மீ. தகடு.

கடைக்காரர் 25 போட்டால் 25தான் என்கிறாரே?

சில பெட்டிகளில் எழுதியிருப்பது வண்டி ஏறும் அளவு, தகட்டின் கனம் இல்லை. கேலிப்பர் வைத்துக் கனத்தை அளங்க.

பின்னால் லீஃபுக்கு (பட்டை ஸ்பிரிங்) அடியில் வைத்த கட்டை அப்படியே 25தான் ஏற்றியது. உங்கள் கணக்கு தப்பு.

பின்னால் கட்டை ஆக்ஸிலுக்கு நேர் மேலே உட்காருது, ஒன்றுக்கு ஒன்று. முன்னால் ஆர்ம் நெம்புகோலாக வேலை செய்யுது. இரண்டையும் சேர்த்துக் குழப்பாதீங்க. முன் ஆக்ஸிலும் லீஃபில் நிற்கிற பழைய வண்டி என்றால் அதற்குக் கட்டை வேண்டவே வேண்டாம். பிரேக் பிடிக்கும்போது ஆக்ஸில் முறுக்கும், ஸ்டியரிங்கும் அங்கேதான் இருக்கு.

வீட்டிலேயே மாட்டலாமா?

மாட்டலாம். சேஸிக்கு அடியில் ஸ்டாண்டு கொடுங்க, ஜாக்கியை நம்பாதீங்க. ஸ்டெபிலைசர் லிங்கை (இரு சக்கரங்களையும் இணைக்கும் கம்பியின் இணைப்பு) இரண்டு பக்கமும் கழற்றுங்க. பிரேக் ஹோஸ், ஏ.பி.எஸ். வயர் கிளிப்புகளை விடுவியுங்க. ஸ்ட்ரட்டின் கீழ் போல்ட்டைக் கழற்றுங்க, பிறகு மேலே சுற்றியிருக்கும் மூன்று நட்டை. நடு நட்டைத் தொடவே கூடாது: ஸ்பிரிங்கை அமுக்கிப் பிடித்திருப்பது அதுதான், கழன்றால் ஆளை அடிக்கும். தகடு போட்டபின் நட்டுக்கு மேல் இரண்டு மரையாவது தெரியணும், இல்லையென்றால் நீள ஸ்டட் வேண்டும். புஷ் (ரப்பர் உருளை) உள்ள போல்ட்டுகளை வண்டி தரையில் நின்றபிறகே இறுக்குங்க. தூக்கிவைத்தே இறுக்கினால் ரப்பர் முறுக்கிக் கிழியும்.

ஸ்பிரிங் கம்ப்ரஸர் வேண்டுமா?

மேல் ஸ்பேசருக்கு வேண்டாம். நடு நட், மறுபடியும் சொல்கிறேன், தொடாதீங்க.

மூன்று அங்குலம் ஏற்றலாமா?

தகடு மட்டும் வைத்து ஏற்றாதீங்க. சக்கரம் தொங்கும்போது அப்பர் ஆர்ம் ஸ்பிரிங்கில் இடிக்கும், பால் ஜாயிண்ட் கோணம் எல்லைக்குப் போகும். 4x4-இல் சி.வி. பூட் (முன் அச்சு மூட்டை மூடும் ரப்பர் உறை) கிழிந்து கிரீஸ் வெளியே வரும். பள்ளத்தில் இறங்கும்போது பம்ப் ஸ்டாப் (ஆர்மைத் தடுக்கும் ரப்பர் கட்டை) தொடும் முன்பே ஷாக் உள்ளே முட்டும். அதுக்கு வேறு ஆர்மும் நீள ஷாக்கும்தான் வழி.

அலைன்மென்ட் கட்டாயமா?

கட்டாயம். சக்கரக் கோணங்களான டோ, கேம்பர், கேஸ்டர் மூன்றும் மாறும். ஹெட்லைட் வெளிச்சத்தையும் கீழ்நோக்கி இறக்குங்க.

நடு நட்டைக் கொஞ்சம் மட்டும் தளர்த்தினால்?

மேலே இரண்டு முறை எழுதியிருக்கேன், படிங்க.

டார்ஷன் பார் (முறுக்கி ஸ்பிரிங்காக வேலை செய்யும் கம்பி) இருக்கும் பழைய ஹைலக்ஸுக்கு?

அதற்கு இந்த ஸ்பேசர் கிடையாது. பாரின் பின்முனையில் இருக்கும் அட்ஜஸ்டர் போல்ட்டை இரண்டு பக்கமும் சமமாகத் திருப்பணும்.