தம்பி பி.எஸ்சி. கம்ப்யூட்டர் சயின்ஸ் முடித்திருக்கிறான். ஐடி வேலைக்காக வேளச்சேரி இன்ஸ்டிட்யூட்டில் 60,000 கட்டிச் சேர்க்கலாமா?

கட்ட வேண்டாம். "நூறு சதவீதம் பிளேஸ்மென்ட்" என்று போர்டு வைத்திருப்பவர்களிடம் அதையே ரசீதில் எழுதித் தரச் சொல்லிப் பாருங்கள். "பிளேஸ்மென்ட் அசிஸ்டன்ஸ்" என்றுதான் எழுதுவார்கள். அதாவது வாக்-இன் இன்டர்வியூ செய்திகளை வாட்ஸ்அப் குரூப்பில் ஃபார்வர்ட் செய்வது. ஒழுங்காகச் சொல்லித்தரும் இடங்களும் அங்கே உண்டு, எல்லோரையும் சொல்லவில்லை, யாரும் சண்டைக்கு வர வேண்டாம். நல்ல இடமாக இருந்தால் இரண்டு வகுப்பு சும்மா உட்கார விடுவார்கள், தவணையில் பணம் வாங்குவார்கள், ஒரிஜினல் சர்டிபிகேட்டில் கை வைக்க மாட்டார்கள். இதில் ஒன்று தவறினாலும் எழுந்து வந்துவிடுங்கள்.

அந்தப் பணத்தில் முதலில் ஒரு லேப்டாப். சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் ஆபீஸ்களிலிருந்து கழித்த பழைய லேப்டாப்கள் கிடைக்கும், படிக்க அது போதும். 8 ஜிபி ரேம், 256 ஜிபி எஸ்எஸ்டி இதற்குக் கீழே இறங்க வேண்டாம். ரேம் மதர்போர்டிலேயே சாலிடர் செய்யப்பட்டதா என்று கேளுங்கள், அப்படி இருந்தால் பின்னால் கூட்ட முடியாது. லேப்டாப்பின் அடிப்படை செட்டிங்கைப் பூட்டும் பயாஸ் பாஸ்வேர்ட் எடுக்கப்பட்டிருக்கிறதா என்று கடையிலேயே ஆன் செய்து பார்த்துவிடுங்கள்.

பாடத்துக்கு ஐஐடி-கள் நடத்தும் என்பிடிஇஎல் (NPTEL) ஆன்லைன் வகுப்புகள் போதும். பாடம் இலவசம், சான்றிதழ் வேண்டுமென்றால்தான் தேர்வுக் கட்டணம். பைத்தான் அல்லது ஜாவா, இரண்டில் ஒன்று. கூடவே டேட்டாபேஸிடம் கேள்வி கேட்கும் மொழியான எஸ்க்யூஎல் (SQL), கோடின் ஒவ்வொரு மாற்றத்தையும் சேமித்து வைக்கும் கிட் (Git). முதல் நான்கு மாதம் வேறெதையும் தொடக்கூடாது. ஏஐ கோர்ஸ் விளம்பரத்தைப் பார்த்துவிட்டு அவன் அலைபாய்வான், விடாதீர்கள்.

சறுக்குகிற இடம் பிராஜெக்ட்தான். யூடியூபைப் பார்த்து அப்படியே டைப் அடித்த ஷாப்பிங் சைட்டை ரெஸ்யூமேயில் போட்டால், இன்டர்வியூவில் இரண்டாவது கேள்வியிலேயே மாட்டிக்கொள்வான். அதற்குப் பதிலாக உங்கள் தெருவில் தண்ணீர் கேன் போடும் அண்ணாச்சியின் நோட்டை எடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள். வீடுகள் ஒரு டேபிள், வரவு ஒரு டேபிள். அண்ணாச்சி கேட்கப்போவது ஒன்றுதான்: "ஆகஸ்ட்ல யார் யாரு காசு குடுக்கல?"

இதற்கு லெஃப்ட் ஜாயின், அதாவது வரவு இல்லாத வீட்டையும் விடாமல் இரண்டு டேபிளையும் இணைப்பது என்று எல்லோருக்கும் தெரியும். எழுதும்போது வரிகளை வடிகட்டும் 'வேர்' (where) பகுதியில் மாதம் ஆகஸ்ட் என்றும், வரவு எண் நல் (null, மதிப்பே இல்லை) என்றும் இரண்டையும் சேர்த்துப் போடுவார்கள். பட்டியல் காலியாக வரும். எல்லோரும் கொடுத்துவிட்டார்கள் என்று அண்ணாச்சி சந்தோஷப்படுவார். காசு கொடுக்காத வீட்டுக்கு வரவுப் பக்கத்தில் மாதமே நல்தானே? நல் ஆகஸ்டுக்குச் சமமாகாது, அதனால் அந்த வரி அங்கேயே கழிந்துவிடும். மாத நிபந்தனை, டேபிள்களை இணைக்கும் 'ஆன்' (on) பகுதிக்குப் போக வேண்டும், நல் சோதனை மட்டும் 'வேர்' பகுதியில் நிற்க வேண்டும். இதைத் தானே தப்பாக எழுதி, தானே கண்டுபிடித்தவன் இன்டர்வியூவில் ஐந்து நிமிஷம் நிறுத்தாமல் பேசுவான்.

அதே கணக்கில் பணத்தை ஃப்ளோட்டாக, அதாவது தசம எண்ணாக வைக்கக் கூடாது. பைத்தானில் 0.1 + 0.2 அடித்தால் 0.30000000000000004 என்று வரும். பைசாவாக மாற்றி முழு எண்ணாக வைக்க வேண்டும். இன்னொன்று, டேட்டாபேஸ் பாஸ்வேர்டைத் தெரியாமல் கிட்டில் ஏற்றிவிட்டால் அடுத்த கமிட்டில் (கிட் சேமிக்கும் ஒவ்வொரு பதிவும் ஒரு கமிட்) அழித்துப் பயனில்லை, பழைய கமிட்டில் அப்படியே கிடக்கும். பாஸ்வேர்டையே மாற்ற வேண்டும்.

ஒருவேளை சேர்த்துவிட்டு, மூன்று மாதம் கழித்து வேலை கிடைக்கவில்லை என்றால் இன்ஸ்டிட்யூட்காரரே மெதுவாக இன்னொன்று சொல்வார்: "மூணு வருஷம் எக்ஸ்பீரியன்ஸ் போட்டுத் தரோம்." தலையே போனாலும் சம்மதிக்காதீர்கள். பேக்ரவுண்ட் வெரிஃபிகேஷனில் பிஎஃப் கணக்குக்கான யுஏஎன் எண் கேட்பார்கள். எந்தக் கம்பெனி எந்த மாதம் பிஎஃப் கட்டியது என்பது அதில் இருக்கும். பேஸ்லிப்பை ஃபோட்டோஷாப்பில் செய்யலாம், பிஎஃப் கணக்கில் பழைய மாதங்களை எப்படி நுழைப்பது? வேலையில் சேர்ந்த பிறகுகூட மாட்டி வெளியே போவார்கள்.

பி.எஸ்சி. என்பதால் தாழ்வு ஒன்றுமில்லை. விப்ரோவின் வில்ப் (WILP) என்ற வேலைத் திட்டம் பி.எஸ்சி., பி.சி.ஏ. பிள்ளைகளுக்கென்றே உள்ளது, வேலையோடு எம்.டெக். படிக்கலாம். ஆனால் வருடக் கணக்கில் ஒப்பந்தம் கேட்பார்கள், படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போடட்டும். இப்படிப்பட்ட சேர்க்கைகளில் எந்த ஆண்டு படிப்பை முடித்தாய் என்று பார்ப்பார்கள். "நல்லாத் தயாராகிட்டு அப்ளை பண்றேன்" என்று ஒரு வருஷம் வீட்டில் உட்கார விடாதீர்கள், படித்துக்கொண்டே போடட்டும்.

வேலை கிடைத்தபின் ஒன்று இருக்கிறது, நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். சென்னையில் ஐடி கம்பெனிகள் இருக்கும் ஓ.எம்.ஆரில் பேச்சலருக்கு வீடு கிடைப்பது வேலை கிடைப்பதைவிடக் கஷ்டம். தமிழ்நாட்டின் 2017 வாடகைச் சட்டம் அட்வான்ஸ் மூன்று மாத வாடகை என்கிறது. "வேறு ஒப்பந்தம் இருந்தாலன்றி" என்று ஒரு ஓட்டையையும் அதிலேயே வைத்திருக்கிறார்கள், வீட்டுக்காரர்கள் அதில் லாரியே ஓட்டுகிறார்கள். பத்து மாத அட்வான்ஸ் கேட்டால் முதல் சம்பளக்காரன் எங்கே போவான்? காலி செய்யும்போது பெயின்ட் என்று ஒரு மாத வாடகையையும் பிடிப்பார்கள். குடிபோகும் அன்றே சுவர், குழாய், ஸ்விட்ச் போர்டு எல்லாவற்றையும் மொபைலில் படம் எடுத்து வீட்டுக்காரருக்கே வாட்ஸ்அப்பில் அனுப்பி வைக்கச் சொல்லுங்கள்.