லோகோ தெரிவதற்கு முன் போனுக்குள் என்ன நடக்கிறது?

வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: திருகோணமலை டவுனில் ஒருவரிடம் பாவித்த அண்ட்ராய்டு போன் ஒன்று வாங்கினேன். ஓன் பண்ணும் ஒவ்வொரு முறையும் லோகோவோடு ஓர் எச்சரிக்கை வருகிறது. பூட்லோடர் திறந்திருக்கிறது, இந்தப் போனில் உள்ள மென்பொருளை நம்ப முடியாது என்று அதில் இருக்கிறது. சில வினாடிகளில் மறைந்துவிடும். அதன்பின் போன் நன்றாகத்தான் வேலை செய்கிறது. விற்றவரிடம் கேட்டால் "அது சும்மா, கண்டுகொள்ளாதீங்க" என்கிறார். உண்மையில் சும்மாதானா?
– வாசகி, கிண்ணியா

பதில்: சும்மா இல்லை சகோதரி. பூட்லோடர் என்பது போன் ஏறும்போது அண்ட்ராய்டைச் சோதித்து ஓடவிடும் நிரல். அந்தப் போனில் வங்கிக் கணக்கு ஏதும் திறந்து வைத்திருந்தால், முதலில் அதிலிருந்து வெளியேறிவிட்டு வந்து மீதியைப் படியுங்கள்.

அணைந்து கிடக்கும் போனில் பவர் பட்டனை அழுத்தியதும் முதலில் வேலை தொடங்குவது பவர் ஐசி. பற்றரியில் இருந்து வரும் மின்சாரத்தைப் பல வோல்டேஜ்களாக்கி, ஒன்றன்பின் ஒன்றாக, வரிசை தவறாமல் அது கொடுக்கும். வரிசை சரியாக முடிந்த பிறகுதான், அதுவரை ரீசெட்டில் நிறுத்தி வைத்த புரோசசரை ஓடவிடும். மத்திய வீதிப் பக்கம் வந்தால் நான் போன் திருத்தும் மேசையில் இதைக் கண்ணால் பார்க்கலாம். பற்றரியைக் கழற்றிவிட்டு டிசி பவர் சப்ளையில் போனை மாட்டி பட்டனை அழுத்தினால், அம்மீற்றர் பூச்சியத்தில் இருந்து சில பத்து மில்லி அம்பியருக்கு ஏறும். அங்கே ஒரு கணம் தயங்கும். அப்புறம் சில நூறுக்குத் தாவி, மேலும் கீழுமாக ஆடத் தொடங்கும். நீங்கள் கேட்ட விஷயத்தின் ஆரம்பம் அந்தத் தயக்கத்துக்குள்தான் இருக்கிறது.

அந்த நேரத்தில் புரோசசரின் ஒரு கோர் மட்டும்தான் ஓடுகிறது. வெளியில் இருக்கும் ரேம் இன்னும் தயாராகவில்லை. அதனால் சிப்புக்குள்ளேயே உள்ள சிறிய நினைவகத்தை வைத்துக்கொண்டு, சிப்பைச் செய்யும்போதே அதற்குள் பதித்துவிட்ட ஒரு நிரலை அந்தக் கோர் ஓட்டுகிறது. இதைப் பூட் ரொம் என்போம். குவல்கொம்காரர் பிபிஎல் என்பார்கள், மீடியாடெக்கில் பிரொம், அப்பிளில் செக்யூர் ரொம். சிப் தொழிற்சாலையை விட்டு வந்த பிறகு, செய்த நிறுவனமே நினைத்தாலும் அதில் ஓர் எழுத்தையும் மாற்ற முடியாது.

பூட் ரொம்மின் முக்கிய வேலை, சேமிப்புச் சிப்பில் இருந்து அடுத்த நிரலை எடுத்து, அதில் தயாரிப்பாளரின் டிஜிட்டல் கையொப்பம் சரியாக இருக்கிறதா என்று பார்ப்பது. கையொப்பத்தைச் சரிபார்க்க ஒரு பொதுச் சாவி வேண்டும். அந்தச் சாவியும் பெரும்பாலும் அதே சேமிப்புச் சிப்பில், நிரலோடு சேர்ந்துதான் வருகிறது. அப்படியென்றால் கள்ள நிரலோடு கள்ளச் சாவியையும் சேர்த்து வைத்துவிடலாமே என்று தோன்றும். முடியாது. உண்மையான சாவியில் இருந்து கணக்கிட்டு எடுத்த ஹாஷ் எண், புரோசசருக்குள் மின் ஃபியூஸ்களாக எரித்து வைக்கப்பட்டிருக்கிறது. வந்த சாவியின் ஹாஷ் அதோடு பொருந்தாவிட்டால் அந்த நிரல் ஓடாது. எரிந்த ஃபியூஸைத் திரும்ப ஒட்டவைக்கவும் வழியில்லை. இந்த முழு ஏற்பாட்டிலும் நான் மிக மதிக்கும் இடம் இதுதான்.

சில போன்களில் அம்மீற்றர் அந்தச் சிறிய எண்ணிலேயே நின்றுவிடும், திரையில் ஒன்றும் வராது. குவல்கொம் போனாக இருந்தால் கணினியில் மாட்டி டிவைஸ் மனேஜரைப் பார்ப்பேன். 9008 என்று முடியும் ஒரு போர்ட் அங்கே தெரிந்தால் மனதுக்கு ஆறுதல். புரோசசர் உயிரோடு இருக்கிறது, பூட் ரொம் ஓடியிருக்கிறது, அடுத்த நிரல் கிடைக்காமலோ பொருந்தாமலோ காத்துக்கொண்டிருக்கிறது என்று விளங்கிவிடும்.

எல்லாம் சரியாக இருந்தால், இரண்டாவது நிரல் ரேமை எழுப்பி, தனக்கு அடுத்ததைச் சோதித்துவிட்டுப் பொறுப்பை ஒப்படைக்கும். அது அதற்கு அடுத்ததை. இப்படியே அண்ட்ராய்டின் பூட்லோடர் வரை வந்து, அது அண்ட்ராய்டின் மைய நிரலான கேர்னலைச் சோதிக்கும். சிஸ்டம் பகுதி பல ஜிபி என்பதால் தொடக்கத்திலேயே முழுவதையும் சோதித்து முடிக்க முடியாது. அதை 4 கேபி துண்டுகளாகப் பிரித்து, வாசிக்கும் நேரத்தில் ஒவ்வொரு துண்டின் ஹாஷையும் பார்ப்பார்கள். டிஎம்-வெரிட்டி என்ற இந்த முறை அண்ட்ராய்டு 4.4இல் வந்தது.

உங்கள் போனில் பூட்லோடரை யாரோ அன்லொக் பண்ணியிருக்கிறார்கள். ஆரம்பக் கட்டங்களில் சோதனை இப்போதும் நடக்கிறது. ஆனால் கேர்னலும் சிஸ்டமும் யார் போட்டதாக இருந்தாலும் போன் ஏற்றுக்கொள்ளும். அதைச் சொல்லத்தான் அந்த எச்சரிக்கை. அண்ட்ராய்டில் இதை ஆரஞ்சு நிலை என்பார்கள். பழைய போனில் புது அண்ட்ராய்டு போட ஆசைப்பட்ட ஒரு பெடியன் நல்ல எண்ணத்தோடு செய்திருக்கலாம். நீங்கள் தட்டும் கடவுச்சொல்லை எங்கோ அனுப்பும் ஒன்றை வேறு யாராவது உள்ளே வைத்திருக்கவும் கூடும். வெளியில் இருந்து பார்த்து எது என்று சொல்ல முடியாது. விற்றவர் சொல்லை நம்பி விட்டுவிடாதீர்கள் என்று நான் வற்புறுத்துவது அதனால்தான்.

முதலில் படங்களையும் தொடர்பு எண்களையும் வேறு இடத்தில் பிரதி எடுங்கள். பிறகு அதே மாடல் எண்ணுக்கு உரிய தயாரிப்பாளரின் அசல் மென்பொருளை முழுதாகப் போட வேண்டும். அதன் பின்னரே பூட்லோடரை லொக் பண்ண வேண்டும். இந்த வரிசை முக்கியம். மாற்றிய சிஸ்டம் உள்ளே இருக்கும்போது லொக் பண்ணினால், போன் சிவப்பு எச்சரிக்கையோடு ஏறாமல் நின்றுவிடலாம். லொக் பண்ணும்போது போனில் இருப்பதெல்லாம் அழியும். சாம்சுங் என்றால் இன்னொன்று: அதன் பாதுகாப்பு ஏற்பாடான நொக்ஸின் ஃபியூஸ் எரிந்திருந்தால், அசல் மென்பொருள் போட்டாலும், கோப்புகளைப் பூட்டி வைக்கும் செக்யூர் ஃபோல்டர் திரும்ப வராது. அதைச் சொல்லி விலையைக் குறைத்துக் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு.

கேள்வி: தம்பியின் போன் கடலில் விழுந்து செத்துவிட்டது. சேமிப்புச் சிப்பைக் கழற்றி அதே மாடல் போனில் போட்டால் படங்கள் வருமா?
– ஆசிரியை, மூதூர்

பதில்: வராது டீச்சர். முன்பு வந்தது. இப்போதைய போன்களில் படங்கள் குறியாக்கம் செய்யப்பட்டே சேமிக்கப்படுகின்றன. அதைத் திறக்கும் சாவி, அந்த ஒரு புரோசசருக்குள் மட்டும் உள்ள இரகசிய எண்ணோடும் தம்பி போட்ட பின் நம்பரோடும் பிணைந்தது. வேறு போனின் புரோசசருக்கு அந்தச் சிப் வெறும் குப்பை எண்களாகத்தான் தெரியும். செய்யக்கூடியது, பழைய போட்டையே (சிப்கள் பொருத்திய பலகையையே) உயிர்ப்பிப்பது. அது முடியாவிட்டால் புரோசசரையும் சேமிப்புச் சிப்பையும் சேர்த்தே இன்னொரு போட்டுக்கு மாற்றுவது. கடினமான வேலை, செலவும் கூட. சார்ஜரில் மாட்டிப் பார்க்கவே வேண்டாம். உப்புத் தண்ணீரில் மின்சாரம் ஓடினால் பவர் ஐசியைச் சுற்றியுள்ள செம்பு வேகமாக அரித்துப்போகும். அரிசிப் பையில் போடுவதால் உப்பு போகாது. அன்றே கொண்டுவந்து போட்டைக் கழுவுவதுதான் வழி.

கேள்வி: பூட் ரொம்மை மாற்றவே முடியாது என்கிறார்கள். அதிலேயே பிழை இருந்தால்?
– உயர்தர மாணவன், உப்புவெளி

பதில்: நல்ல கேள்வி தம்பி. நடந்தும் இருக்கிறது. 2019 செப்டெம்பரில் செக்மேட் என்ற பெயரில் அப்பிளின் பூட் ரொம்மில் இருந்த ஒரு பிழை வெளியானது. ஐபோன் 4எஸ் முதல் ஐபோன் எக்ஸ் வரை, அதாவது ஏ5 முதல் ஏ11 வரையான சிப்கள் அதில் அடங்கின. பிழை இருந்தது யூஎஸ்பி வழியாகப் போனை மீட்கும் டிஎஃப்யூ பகுதியில். ஏற்கனவே விற்ற போன்களின் ரொம்மைத் திருத்த அப்பிளாலும் முடியாது. அடுத்து வந்த ஏ12 சிப் இதில் சிக்கவில்லை.

ஆனால் எவ்வளவு பயப்பட வேண்டும் என்பதும் தெரிந்திருக்க வேண்டும். இதைச் செய்ய போன் கையில் இருக்க வேண்டும், கேபிளும் வேண்டும். இணையம் வழியாகச் செய்ய முடியாது. அணைத்து ஓன் பண்ணினால் சோதனை மறுபடி பூட் ரொம்மில் இருந்தே தொடங்கும், அந்தப் பிழையின் பிடியும் அத்தோடு போய்விடும். ஆகவே ஐபோன் எக்ஸோ அதற்கு முந்தியதோ வைத்திருப்பவர்கள், முன்பின் தெரியாத ஒருவர் கையில் போன் சில மணிநேரம் இருந்துவிட்டு வந்தால், திரும்பக் கைக்கு வந்ததும் முழுதாக அணைத்து ஒருமுறை ஓன் பண்ணிக்கொள்ளுங்கள்.