மாமனார் விட்டுச்சென்ற படகு எஞ்சினுக்கு என்ன விலை போடுவது?

வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: சென்ற ஆண்டு காலமான என் மாமனார், கவார்த்தா ஏரிகளில் மீன்பிடிப்பதற்காகக் கனேடிய நண்பர் ஒருவரிடமிருந்து வாங்கிய, படகின் பின்புறத்தில் வெளியே மாட்டும் பழைய ஜோன்சன் வெளியிணைப்பு எஞ்சின் ஒன்றைக் கடைசிவரை தம் வாகனக் கொட்டகையில் வைத்திருந்தார். பச்சை நிறம், முன்பக்கத்தில் 'சீ ஹோர்ஸ் 10' என்றும், தகட்டில் 'கியூடி-13', 'பீற்றர்பரோ' என்றும் உள்ளன. இரட்டைக் குழாய் பொருத்திய பெற்றோல் தாங்கி தனியாக இருக்கிறது. பல ஆண்டுகளாக எவரும் இயக்கவில்லை. பழைய பொருட்கள் வாங்கும் ஒருவர் 50 டொலர் தருவதாகச் சொன்னார். இணைய விளம்பரம் ஒன்றில் இதைப் போன்ற எஞ்சினுக்கு 1,500 டொலர் கேட்டிருந்தார்கள். என் கணவரும் அவருடைய இரு சகோதரிகளும் சொத்தைப் பங்கிடும் இவ்வேளையில் இதற்கு எந்த விலையைப் போடுவது நியாயம்?
– வாசகி, ஏஜாக்ஸ், ஒன்ராறியோ

பதில்: தாங்கள் குறிப்பிட்டுள்ள இரண்டு தொகைகளுமே இந்த எஞ்சினின் மதிப்பு அல்ல. முதலாவது, வாங்கி மறுபடி விற்று இலாபம் பார்க்க வேண்டிய ஒருவர் கொடுக்க முன்வரும் தொகை; இரண்டாவது, ஒருவர் கேட்கும் தொகை. அந்த விலைக்கு அது விற்றதா என்பதை விளம்பரம் சொல்வதில்லை. மாதக்கணக்கில் அப்படியே நிற்கும் விளம்பரம், அந்த விலைக்கு வாங்க ஆளில்லை என்பதற்கே சான்றாகும். ஆகவே ஏல இணையத்தளங்களில் 'விற்று முடிந்தவை' என்ற பிரிவை மட்டும் திறந்து, இதே மாதிரி எண் கொண்ட எஞ்சின்கள் உண்மையில் எவ்வளவுக்குக் கைமாறின என்பதை முதலில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

தகட்டில் உள்ள எழுத்துகள் மிகவும் உதவக்கூடியவை. ஜோன்சன் நிறுவனத்தில் 'கியூடி' என்பது 10 குதிரைவலு எஞ்சின் வரிசையைக் குறித்தது. அது 1949இல் கியூடி-10 என்று தொடங்கி, ஆண்டுக்கு ஓர் எண்ணாக ஏறியது. எனவே தங்களுடையது 1952ஆம் ஆண்டு மாதிரி. முன்னே, நடுநிலை, பின்னே என்று மாற்றக்கூடிய கியரும், எஞ்சினிலிருந்து பிரித்துப் படகுக்குள் வைக்கும் பெற்றோல் தாங்கியும் 1949இல் இந்த வரிசையுடன்தான் வந்தன. அதற்கு முன்னர் எஞ்சின் தலைமேலேயே சிறிய தாங்கி இருக்கும்; ஏரி நடுவே அலையில் ஆடும் படகில் எழுந்து நின்று எரிபொருள் ஊற்ற வேண்டியிருக்கும். இந்த வரிசை அக்காலத்தில் அவ்வளவு விரும்பப்பட்டதற்கு இவ்விரண்டு வசதிகளுமே முக்கிய காரணம் என்று நான் கருதுகிறேன். ஜோன்சன், எவின்ரூட் ஆகிய இரு பெயர்களிலும் கனடாவுக்கான எஞ்சின்கள் ஒன்ராறியோவின் பீற்றர்பரோ நகரில் இருந்த தொழிற்சாலையிலேயே செய்யப்பட்டன. தங்கள் மாமனார் மீன்பிடித்த ஏரிகளுக்கு அருகிலேயே அந்த எஞ்சின் பிறந்திருக்கிறது என்பதைப் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள்.

ஆனால் விரும்பப்பட்டதனால்தான் அது ஏராளமாகவும் விற்றது. எழுபது வயதைக் கடந்த பொருள் என்றால் அரிய பொருளாகத்தான் இருக்கும் என்று பலர் எண்ணுகிறார்கள். ஐம்பதுகளின் ஜோன்சன், எவின்ரூட் எஞ்சின்கள் ஒன்ராறியோவின் கொட்டகைகளிலும் கோடைக்கால வீடுகளிலும் இன்னும் நிறையவே கிடைக்கின்றன. சேகரிப்பாளர் பெரும்பணம் கொடுப்பது வேறு வகைகளுக்கு: முதலாம் உலகப் போர்க் காலத்தையும் அதற்கு முன்னரையும் சேர்ந்த ஒற்றைச் சிலிண்டர் எஞ்சின்கள், முப்பதுகளில் பந்தயத்துக்கென்றே செய்யப்பட்ட ஜோன்சன் எஞ்சின்கள், ஐம்பதுகளின் மேர்க்குரி பந்தய எஞ்சின்கள் போன்றவற்றுக்கு. தங்களுடையது நல்ல, நேர்மையான வேலைக்கார எஞ்சின். அதன் விலையை வயது அல்ல, முழுமையும் நிலைமையும் தீர்மானிக்கும்.

முழுமை என்று வரும்போது, தாங்கள் போகிற போக்கில் குறிப்பிட்ட அந்த இரட்டைக் குழாய்த் தாங்கியே முதலில் கவனிக்க வேண்டியது. இந்த மாதிரியில் பெற்றோலை இழுக்கும் பம்ப் கிடையாது. எஞ்சினின் உட்பகுதியில் உண்டாகும் அழுத்தம் ஒரு குழாய் வழியாகத் தாங்கிக்குள் செல்ல, அந்த அழுத்தத்தால் பெற்றோல் மற்றக் குழாய் வழியாக எஞ்சினுக்கு ஏறுகிறது. ஆகவே பிற்காலத்து ஒற்றைக் குழாய்த் தாங்கியை இதற்கு அப்படியே மாட்ட முடியாது. தாங்கி தொலைந்துபோன எஞ்சின்கள் மலிவாகப் போவதற்கும், நல்ல தாங்கி தனியாகவே விலைபோவதற்கும் இதுவே காரணம். தாங்கியை எஞ்சினிலிருந்து பிரித்து ஒருவருக்கும் கொடுத்துவிடாதீர்கள். ஆனால் பழுதான ரப்பர் வளையங்களுடன் அழுத்தம் ஏறினால் பெற்றோல் பீறிட்டு வெளியே வரும் என்பதால், தெரிந்தவர் ஒருவர் அதைச் சரிபார்க்கும் வரை அதில் பெற்றோல் ஊற்ற வேண்டாம்.

அடுத்து நிலைமை. இயங்குகிறதா என்று பார்க்கும் ஆவலில் உடனே கயிற்றை இழுக்கக் கூடாது. இரண்டு தீப்பொறிப் பிளக்குகளையும் கழற்றி, ஒவ்வொரு சிலிண்டருக்குள்ளும் சிறிது எண்ணெய் விட்டு, ஒரு நாள் ஊறவிட்ட பின்னர், எஞ்சினின் மேலே உள்ள கனத்த சில்லான ஃபிளைவீலைக் கையால் மெல்லச் சுழற்றுங்கள். தடையின்றிச் சுழன்றால் பிஸ்டன் இறுகிப் பிடித்துக்கொள்ளவில்லை என்று பொருள். இந்த ஒரு செய்தியே வாங்குபவரின் பாதி ஐயத்தைத் தீர்த்துவிடும். அழுத்தமானி உள்ளவர் ஒருவரைக் கொண்டு இரு சிலிண்டர்களின் அழுத்தத்தையும் அளந்து, இரண்டும் ஏறக்குறைய சமமாக இருக்கின்றனவா என்று பாருங்கள். தீப்பொறி வராவிட்டால் மனம் தளர வேண்டாம். அக்கால எஞ்சின்களில் தீப்பொறிக் கொயில்களின் மேலுறை காலப்போக்கில் வெடித்துவிடுவது எல்லாரும் அறிந்த குறை. புதிய கொயில்கள் இன்றும் கிடைக்கின்றன, பெரிய செலவும் இல்லை.

கியர் பெட்டியில் வெடிப்பு இருந்தால் அது வேறு கதை. கீழே உள்ள திருகாணியைத் தளர்த்திச் சிறிது எண்ணெயை வெளியே எடுங்கள். அது பால் கலந்ததுபோல் வெளுத்திருந்தால் உள்ளே தண்ணீர் புகுந்திருக்கிறது. சூடேற்றாத கொட்டகையில் கனேடியக் குளிர்காலத்தில் அந்தத் தண்ணீர் உறைந்து விரியும்போது பெட்டியின் அலுமினிய உடல் வெடித்துவிடும். வெடித்த பெட்டியுடன் கூடிய எஞ்சினை வாங்குபவர் பெரும்பாலும் உதிரிப் பாகங்களுக்காகவே வாங்குவார். அப்போது அந்த 50 டொலரை நான் குறைவென்று சொல்ல மாட்டேன். சுழல் விசிறிக்குக் கீழே துடுப்புப்போல் நீளும் பகுதி உடைந்திருக்கிறதா என்பதையும் கவனியுங்கள்.

தயவுசெய்து எதற்கும் புது வண்ணம் பூசாதீர்கள். மங்கிய பச்சையும் பாதி அழிந்த எழுத்தும் அசல் என்பதாலேயே சேகரிப்பாளர் அவற்றை மதிக்கிறார். அழகாக்க நினைத்துச் செய்யும் வேலை விலையைக் குறைப்பதை அடிக்கடி காண்கிறேன். ஈரத்துணியால் தூசியைத் துடைத்தால் போதும்.

தாங்கள் கேட்ட தொகைக்கு வருகிறேன். தாங்கியும் குழாயும் சேர்ந்து, எஞ்சின் சுழன்று, கியர் பெட்டி உடையாமல், ஆனால் ஓடாத நிலையில் இருந்தால் 100 முதல் 200 டொலர் வரை நியாயமென்று நான் மதிப்பிடுவேன். ஒருவர் அதைச் சீர்செய்து, தண்ணீர்த் தொட்டியில் நன்றாக ஓடுவதைக் காட்ட முடிந்தால் அது 300, 400 டொலரை எட்டலாம். ஆனால் சீர்செய்யக் கூலிக்கு ஆள் வைத்தால் கூடுதலாகக் கிடைப்பதைவிடக் கூலியே அதிகமாகும் என்பதால், விற்பதற்காக மட்டும் அதைச் செய்ய வேண்டாம். இன்னும் உறுதியான மதிப்பு வேண்டுமானால், 1965 முதல் இயங்கிவரும் பழைமை வெளியிணைப்பு எஞ்சின் சேகரிப்பாளர் சங்கத்தின் உறுப்பினர்களிடம் தகடு, தாங்கி, எஞ்சினின் இரு பக்கங்கள், கியர் பெட்டி ஆகியவற்றின் படங்களைக் காட்டிக் கேளுங்கள்.

வரியைப் பற்றித் தாங்கள் கவலைப்பட வேண்டியதில்லை. கனேடிய வருமான வரிச் சட்டத்தில் இத்தகைய சொந்தப் பாவனைப் பொருளின் வாங்கிய விலையும் விற்ற விலையும் குறைந்தது 1,000 டொலர் என்றே கொள்ளப்படுவதால், அதற்குக் கீழே விற்றால் இலாபமென்று கணக்கிட ஒன்றுமில்லை. ஒன்ராறியோவின் மரணச்சொத்து நிர்வாக வரி 50,000 டொலருக்கு மேற்பட்ட ஒவ்வோர் ஆயிரத்துக்கும் 15 டொலர். இந்த எஞ்சினால் அது மாறினாலும் அந்த ஒரு 15 டொலர்தான். பொருட்பட்டியலில் மாமனார் காலமான நாளின் நியாயமான சந்தை விலையை, படங்களுடனும் விற்று முடிந்த விலைகளின் குறிப்புடனும் எழுதுங்கள். மூவரில் ஒருவர் எஞ்சினை வைத்துக்கொள்ள விரும்பினால், 150 டொலரை அவர் பங்கில் கழித்துவிட்டு அவரிடமே கொடுப்பதுதான் இங்கே சிறந்த வழியென்று எனக்குத் தோன்றுகிறது. வெளியாருக்கு விற்றுக் கிடைக்கும் 50 டொலரை மூன்றாகப் பிரிப்பதில் எவருக்கும் பயனில்லை.

கேள்வி: எங்கள் வீட்டு முதிய உரிமையாளர் இறக்கும்போது எனக்கென்று எழுதிவைத்த பொருட்களில், பித்தளைத் தாங்கியும் மேலே திறந்த சில்லில் மரப்பிடியும் உள்ள எவின்ரூட் படகு எஞ்சின் ஒன்று இருக்கிறது. கயிறு சுற்றும் இடமே இல்லை. இதையும் நூறு டொலருக்குத்தான் கொடுக்க வேண்டுமா?
– வாசகர், வினிப்பெக்

பதில்: அவசரப்பட்டு எவருக்கும் கொடுக்காதீர்கள். நோர்வேயில் பிறந்து அமெரிக்காவில் குடியேறிய ஓலே எவின்ரூட் மில்வாக்கி நகரில் 1909இல் விற்பனைக்குக் கொண்டுவந்த எஞ்சின் ஒற்றைச் சிலிண்டரும் ஒன்றரைக் குதிரைவலுவும் கொண்டது. எடை 62 இறாத்தல், விலை 62 டொலர். சில்லில் உள்ள பிடியைக் கையால் பிடித்துச் சுழற்றியே அதை இயக்கினார்கள். எஞ்சின் பின்னோக்கி உதைத்தால் விரல்கள் நசுங்கும் என்பதால் தாங்கள் அதைச் சுழற்றிப் பார்க்க வேண்டாம். இந்த அமைப்பில் பல ஆண்டுகள் எஞ்சின்கள் வந்தமையால், தங்களுடையது எந்த ஆண்டைச் சேர்ந்தது என்பதைத் தொடரெண் கொண்டே முடிவு செய்ய வேண்டும். பித்தளையைத் தேய்த்துப் பளபளப்பாக்காமல், எண்ணையும் எல்லா எழுத்துகளையும் தெளிவாகப் படமெடுத்து, முந்தைய பதிலில் சொன்ன சங்கத்தாரிடம் காட்டுங்கள். ஆண்டுகளின் ஓட்டத்தில் ஓர் எஞ்சினின் சில்லும் மற்றோர் எஞ்சினின் தாங்கியும் ஒன்றாகச் சேர்ந்துவிடுவது இவ்வகையில் சாதாரணம். எல்லாப் பாகங்களும் ஒரே ஆண்டைச் சேர்ந்தவையா என்பதே தங்கள் எஞ்சினின் விலையைப் பெரிதும் முடிவுசெய்யும்.