21.40 எங்கே போனது?

கேள்வி: ஆறு மாதமாகக் கொழும்புப் பங்குச்சந்தையில் சிறு அளவில் வாங்கி விற்கிறேன். ட்ரேடிங்வியூ என்ற சார்ட் தளத்தில், எந்த விலையில் எவ்வளவு பங்கு கைமாறியது என்று பட்டையாகக் காட்டும் வொலியூம் புரொபைலைப் போட்டுப் பார்த்தேன். நேற்று 21.40 ரூபாயில் இருந்த நீளமான பட்டை, இன்று சார்ட்டை விரலால் சுருக்கியதும் 18.90 க்குப் போய்விட்டது. எதை நம்புவது? அந்த விலைக்கு இறங்கினால் வாங்கலாமா? பட்டையில் பச்சை நிறம் அதிகம் என்றால் வாங்குகிறவர்கள் அதிகம் என்றுதானே அர்த்தம்?
வாசகி, கனகராயன்குளம்

பதில்: தங்கச்சி, இரண்டு பட்டையும் சரிதான். நேற்று நீங்கள் பார்த்த காலம் வேறு, இன்று பார்த்த காலம் வேறு.

நான் பரந்தனில் ஒரு நெல் வாங்கும் கடையில் ஒன்பது வருடம் கணக்கு எழுதினேன். காலபோக அறுவடை நேரம் உழவு இயந்திரப் பெட்டிகள் வீதிக்கரையில் வரிசையாக நிற்கும். கொப்பியின் இடது ஓரத்தில் கிலோ விலையை மேலிருந்து கீழாக எழுதி வைப்பேன்: 112, 111, 110 என்று 100 வரை. ஒரு விலைக்குப் பத்து மூடை கைமாறினால் அதற்கு நேரே ஒரு கோடு. ஐந்தாவது கோடு குறுக்கே. பின்னேரம் பார்த்தால் 106 க்கு நேரே கோடுகள் கடதாசியின் ஓரம் வரை ஓடியிருக்கும், 111 க்கு நேரே ஒன்றோ இரண்டோ. சார்ட்டின் கீழே வரும் சாதாரண வொலியூம் எந்த நாளில் எவ்வளவு கைமாறியது என்று சொல்கிறது. புரொபைல் என் கொப்பி மாதிரி, எந்த விலையில் எவ்வளவு என்று சொல்கிறது.

நீங்கள் போட்டது திரையில் தெரியும் காலத்தை மட்டும் எண்ணும் வகை. திரையைச் சுருக்கினால் பழைய பக்கங்களும் கணக்கில் சேரும். அறுவடையின் முதல் கிழமை ஈர நெல் வரும், விலை குறைவு. வெயில் பிடித்ததும் காய்ந்த நெல், விலை கூட. இரண்டு கிழமைப் பக்கங்களையும் ஒன்றாகக் கூட்டினால் வரும் 'அதிகம் விற்ற விலை' ஈர நெல்லுக்குப் பொருந்தினால் காய்ந்த நெல்லுக்குப் பொருந்தாது, காய்ந்த நெல்லுக்குப் பொருந்தினால் ஈர நெல்லுக்குப் பொருந்தாது. பங்கிலும் அப்படித்தான். ஆகவே தொடக்கத்தையும் முடிவையும் நீங்களே குறிக்கும் வகையை எடுங்கள். தொடக்கத்துக்கு ஒரு காரணம் இருக்க வேண்டும்: காலாண்டு அறிக்கை வந்த நாள், உரிமைப் பங்கு (இருக்கிற பங்குதாரருக்கு முதலில் விற்கும் புதிய பங்கு) அறிவித்த நாள், விலை நெடுநாள் கிடந்த இடத்தை விட்டு வெளியேறிய நாள். பங்குப் பிரிப்பையும் பாருங்கள். 2024 இல் ஜோன் கீல்ஸ் கம்பனி ஒரு பங்கைப் பத்தாகப் பிரித்தது. பழைய விலையும் எண்ணிக்கையும் அதற்கேற்பத் திருத்தப்படாத தரவில் புரொபைல் போட்டால் முன்னுக்கும் பின்னுக்கும் ஒட்டாது.

அடுத்தது வரிசை எண்ணிக்கை, அதாவது திரையில் உள்ள விலை வீச்சை எத்தனை பட்டையாகப் பிரிப்பது என்ற அமைப்பு. இதைப் பலர் தொடுவதே இல்லை. 24 வரிசை வைத்திருக்கிறீர்கள் என்போம். 20.00 இலிருந்து 22.40 வரை பார்த்தால் ஒரு வரிசைக்கு 10 சதம். அதே 24 ஐ வைத்து 12 ரூபாயிலிருந்து 36 வரை பார்த்தால் ஒரு வரிசைக்கு ஒரு ரூபாய். அப்போது 18.90 என்று நீங்கள் வாசிப்பது ஒரு ரூபாய் அகலமான வரிசை, ஒரு விலை அல்ல.

சரி, வாங்கலாமா? நீளமான பட்டை அங்கே நிறையப் பேர் உடன்பட்டார்கள் என்று மட்டும் காட்டும். அதிலிருந்து மேலும் கீழும் அடுத்தடுத்த வரிசைகளைச் சேர்த்து மொத்த வொலியூமில் 70 சதவீதம் வரும் வரை எடுப்பதுதான் 'வேல்யூ ஏரியா'. விலை அதற்குள் திரும்பி வந்தால் கொஞ்சக் காலம் அங்கேயே உலாவலாம். பட்டை மெலிந்த இடங்களில் விலை சட்டென்று கடந்து போவதும் உண்டு. இந்தச் சிந்தனை சிகாகோ தானியச் சந்தையில் பீட்டர் ஸ்டைடில்மேயர் என்பவர் 1980களில் உருவாக்கிய மார்க்கெட் புரொபைலிலிருந்து வந்தது. அவர் அரைமணிக்கு ஓர் எழுத்தாக விலைக்கு நேரே எழுதினார். அவர் எண்ணியது நேரத்தை. தானிய வியாபாரத்திலிருந்து இது பிறந்தது என்று படித்தபோது எனக்கு என் கொப்பி நினைவுக்கு வந்தது.

ஆனால் நம்முடைய சந்தையில் பல பங்குகளுக்கு வியாபாரம் மெல்லிசு. நானும் என் சேமிப்பில் ஒரு பகுதியைப் போட்டு, நீளமான பட்டையை நம்பி ஒரு கம்பனியின் பங்கை வாங்கினேன். விலை அந்தப் பட்டையில் ஒரு நாள்கூட நிற்காமல் இறங்கியது. பிறகு நாள்வாரியாகத் தேடினேன். அந்தப் பட்டை முழுவதும் ஒரே நாளில், இரண்டு பெரிய கைகள் முன்பே பேசி முடித்த ஒரு கைமாற்றத்தில் வந்தது. என் கொப்பியில் ஒரு ஆலைக்காரர் வந்து 600 மூடையை ஒரே விலைக்கு அள்ளிப்போனால் அந்த வரியும் நீளும். அதைச் சந்தை விலை என்று எந்த விவசாயியும் எடுக்க மாட்டார். எனவே நீளமான பட்டை கண்டால் கீழேயுள்ள நாள் வொலியூமைப் பாருங்கள். ஒற்றைத் தென்னையாய் ஒரு நாள் மட்டும் உயர்ந்து நின்றால் அந்தப் பட்டையை விட்டுவிடுங்கள். அது பத்துப் பதினைந்து நாளில் சேர்ந்த பட்டை என்றால் மட்டும் யோசியுங்கள்.

பச்சை விடயம் சுருக்கமாக. ஒவ்வொரு பங்கும் வாங்கியவருக்கும் விற்றவருக்கும் இடையில்தான் மாறுகிறது. சார்ட்டில் ஒரு மெழுகுவர்த்தி (ஒரு நாளின் அல்லது ஒரு நேரத்துண்டின் விலையைக் காட்டும் குச்சி) திறந்த விலைக்கு மேல் முடிந்தால் அதன் வொலியூம் முழுவதையும் மென்பொருள் பச்சையில் போடும், கீழே முடிந்தால் சிவப்பில். யார் அவசரப்பட்டார்கள் என்பது அதில் தெரியாது. நான் நிறத்தை நிறுத்திவிட்டு நீளத்தை மட்டும் பார்க்கிறேன்.

இந்தக் கருவியைத் தொடர்ந்து பாவிக்க ட்ரேடிங்வியூவில் காசு கட்ட வேண்டும். ஒரு பங்கை மட்டும் பார்ப்பதென்றால் அப்புறம் கட்டலாம். இப்போதைக்கு 40 பக்கக் கொப்பி ஒன்று எடுங்கள். 2.30 க்குச் சந்தை முடிந்ததும் முடிவு விலைக்கு நேரே, ஆயிரம் பங்குக்கு ஒரு கோடு என்று ஒரு மாதம் போடுங்கள். துல்லியம் குறைவுதான். ஆனால் எந்தக் கோடு எந்த நாளில் விழுந்தது என்று உங்கள் கைக்கு நினைவிருக்கும். மாத முடிவில் அந்தப் பக்கத்தைப் படம் எடுத்து அனுப்புங்கள், சேர்ந்து பார்ப்போம்.